ஏழாண்டு காத்திருக்கும் பூ

மும்பை மலையில் பூப்பது குறிஞ்சியா? தாராவியிலிருந்து மின்ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரத்தில் இருக்கிறது விடை.

மாட்டுங்கா கிழக்கில் கோயில்களை ஒட்டிய பூக்கடைகளில் மல்லிகை முழம்போட்டு விற்கிறது. மருக்கொழுந்து, துளசி, வெற்றிலை, வாழையிலை எல்லாம் கிடைக்கும். செம்பூரில் கல்யாணம், தாராவியில் காதுகுத்து, சயானில் ஐயப்ப பூஜை, எதுவானாலும் பூவுக்கு ஆள் வருவது இங்கேதான். மதுரையிலும் திருநெல்வேலியிலும் தலையில் சூடும் எந்தப் பூவும் மும்பையில் கிடைக்கும் என்று கடைக்காரர்கள் பெருமை பேசலாம். ஆனால் தமிழ் இலக்கியத்தின் மிகப் புகழ்பெற்ற பூவை இங்கே கேட்டுப் பயனில்லை. குறிஞ்சிக்குச் சந்தை கிடையாது, மும்பையில் மட்டுமல்ல, மதுரையிலும்தான்.

தாராவியில் தமிழ்வழியில் படித்த எந்தப் பிள்ளைக்கும் குறிஞ்சியைப் பற்றிச் சில விஷயங்கள் மனப்பாடம். மலையும் மலை சார்ந்த இடமும். தெய்வம் முருகன். தொழில் தேனெடுத்தல், தினை காத்தல். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். பரீட்சையில் இதற்கு மார்க் உண்டு. பூவைப் பார்த்தால் அடையாளம் தெரியுமா என்பது வேறு கேள்வி. கடைசியாக அது மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் பெருவாரியாகப் பூத்தது 2018இல். அதற்கு முன் 2006இல். தொண்ணூறடிச் சாலையிலிருந்து கொடைக்கானல் போய்வர நேரமும் பணமும் யாருக்கு இருந்தது?

இந்த நிலையில்தான் 2024 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மும்பையின் வடக்கே மலைச்சரிவுகள் ஊதா நிறமாகின. போரிவலியில் உள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவிலும் அதன் கிழக்கு விளிம்பான தானே யேவூர்க் குன்றுகளிலும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த புதர்கள் ஒரே சமயத்தில் பூத்துக் குலுங்கின. மணி போன்ற பூ, நீலமும் ஊதாவும் கலந்த நிறம், பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே வரும் காட்சி. இதைக் கேட்கும் எந்தத் தமிழருக்கும் மனதில் முதலில் தோன்றும் பெயர் ஒன்றுதான்.

அந்தப் பெயர் தவறு. ஆனால் முழுக்கத் தவறில்லை. அங்கே பூத்தது குறிஞ்சியின் உடன்பிறப்பு. மராத்தியில் கார்வி. தாவரவியலில் ஸ்ட்ரோபிலாந்தஸ் கல்லோசா. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் மூணாறிலும் பூக்கும் நம்முடைய குறிஞ்சி ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. ஒரே பேரினம், வேறு வேறு இனங்கள். (கார்வி என்ற சொல்லில் ‘கார்’ தெரிகிறதே என்று உடனே தமிழ் வேர் தேடக் கிளம்ப வேண்டாம். அப்படிக் கிளம்புகிறவர்கள் நம்மில் அதிகம்.)

இரண்டையும் பிரித்தறிய இலையையோ பூவையோ பார்ப்பதற்கு முன் நிலத்தைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். குறிஞ்சி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 மீட்டருக்கு மேல், 2,400 மீட்டர் வரை உள்ள மலைகளில் வளர்வது. சோலைக்காடுகளுக்கு இடையே திறந்து கிடக்கும் புல்வெளிச் சரிவுதான் அதற்குச் சொந்த வீடு. காற்று வீசும், பனி இறங்கும், மரநிழல் இருக்காது. மும்பையின் தேசியப் பூங்காவில் மிக உயர்ந்த இடமான ஜாம்புல்மாலின் உயரம் 468 மீட்டர். குறிஞ்சி தொடங்கும் உயரத்தில் பாதிகூட இல்லை. கார்விக்கு இந்த உயரம் போதும். கருங்கல் போன்ற எரிமலைப் பாறை, அதன்மேல் மெல்லிய மண், ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்க்கும் மழை, பிறகு எட்டு மாதம் வறட்சி. தேக்கும் மற்ற இலையுதிர் மரங்களும் நிற்கும் இந்தச் சரிவில், மரங்களுக்கு அடியிலும் வெட்டவெளியிலும் அது அடர்ந்து வளர்கிறது.

அடுத்து உருவம். புல்வெளிக் குறிஞ்சி பெரும்பாலும் முழங்கால் உயரம், போனால் இடுப்புயரம். காற்றுக்குப் பயந்தது போல ஒடுங்கி நிற்கும். இலை சிறியது, தடித்தது. அடிப்புறம் வெளிறிய நுண்மயிர் படர்ந்திருக்கும். கார்வி அப்படியில்லை. ஒரு மனிதனை மறைத்துவிடும் உயரம். நல்ல இடத்தில் இரண்டு மனிதர் உயரமும் போகும். கழி கழியாக நேராக எழும்பும். இலை உள்ளங்கையைவிடப் பெரியது, தொட்டால் சொரசொரக்கும், ஓரத்தில் பல் இருக்கும், நரம்புகள் எண்ணிவிடலாம் போல் தெளிவாகப் படிந்திருக்கும். ‘கல்லோசா’ என்ற லத்தீன் சொல்லுக்குக் காய்த்துப்போன, தழும்பேறிய என்று பொருள். கார்வியின் பூ குறிஞ்சியுடையதைவிடச் சற்றே பெரியது, நிறமும் அழுத்தம். பூ உதிர்ந்தபின் கதிரைத் தொட்டால் விரலில் பிசுபிசுப்பும் காட்டமான ஒரு வாடையும் ஒட்டிக்கொள்ளும்.

குழப்பம் இத்துடன் தீர்ந்துவிடுவதில்லை. சாத்தாரா அருகே ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் உள்ள காஸ் பீடபூமியில் ‘டோப்ளி கார்வி’ என்று இன்னொன்று உண்டு. டோப்ளி என்றால் கூடை. கவிழ்த்துவைத்த கூடை மாதிரி குட்டையாக உருண்டு நிற்கும் புதர் அது. அதன் உயரத்தையும் நீல நிறத்தையும் பார்த்து, மும்பையிலிருந்து சுற்றுலா போகிறவர்கள் அதையும் குறிஞ்சி என்று சொல்லிவிடுகிறார்கள். இந்தியாவில் இந்தப் பேரினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வளர்கிறவை ஏராளம். சில ஆண்டுதோறும் பூக்கும், சில பல ஆண்டு காத்திருந்து பூக்கும். நீல நிறமும் நீண்ட காத்திருப்பும் மட்டுமே அடையாளம் என்றால் பாதி மலைக்குக் குறிஞ்சி என்று பெயர் வைக்க வேண்டிவரும்.

இந்தப் பெரிய குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பூ மாட்டுங்கா கடையில் தினமும் விற்கிறது. கனகாம்பரம். குறிஞ்சி, கார்வி, கனகாம்பரம் மூன்றும் அக்காந்தேசியே குடும்பம். இருமலுக்குக் கஷாயம் வைக்கும் ஆடாதோடையும், டெங்குக் காலத்தில் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் கஷாயமாகக் கொடுத்த நிலவேம்பும், வயல் ஓரத்து நீர்முள்ளியும் இதே குடும்பம்தான். எதிரெதிராக அமைந்த இலைகள் ஓர் அடையாளம். இன்னொன்று தமிழ்நாட்டுச் சிறுவர்களுக்கு விளையாட்டாகவே தெரியும். வேலியோரத்தில் காய்க்கும் பட்டாசுக் காயை எச்சில் தொட்டுக் கையில் வைத்தால் சில நொடிகளில் ‘டப்’ என்று வெடித்து விதை தெறிக்கும். கனகாம்பரக் காயும் நனைந்தால் வெடிக்கும். கார்வியும் அப்படியே. பூத்து முடிந்த ஆண்டின் காய்கள் செடியிலேயே காய்ந்து கிடந்து, அடுத்த பருவத்தின் முதல் மழை பட்டதும் ஈரத்தை இழுத்து வெடிக்கின்றன. ஒரு காய் வெடித்தால் விளையாட்டு. ஒரு மலையே வெடித்தால்? அந்த முதல் மழை நாளில் சரிவு முழுவதும் படபடவென்ற சத்தம் கேட்கும்.

பெயர் வைத்த கதையும் சுவையானது. குறிஞ்சிக்கும் கார்விக்கும் முதன்முதலில் அறிவியல் பெயர் சூட்டியவர் ஒருவரே: ஜெர்மானியத் தாவரவியலாளர் நீஸ் வான் எசன்பெக். 1832இல், ஒரே நூலில், சில பக்க இடைவெளியில் இரண்டையும் விவரித்தார். அவர் இந்தியா வந்தவரில்லை. கல்கத்தா தாவரவியல் தோட்டத்துடன் தொடர்புடைய நத்தானியேல் வாலிச் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன உலர்ந்த மாதிரிகள்தான் அவருக்கு மலை. குந்தியானா என்பது அவருடைய நாட்டவரான கார்ல் குந்த் என்ற தாவரவியலாளரின் நினைவாக வைத்த பெயர். அமைதிப் பள்ளத்தாக்கில் ஓடும் குந்தி ஆற்றின் பெயரால் வந்தது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். ஆறு அழகானதுதான், ஆனால் பெயர் அங்கிருந்து வரவில்லை. 1944இல் டச்சு அறிஞர் பிரெமகாம்ப் இந்தப் பேரினத்தைப் பல துண்டுகளாகப் பிரித்தபோது கார்விக்கு ‘கார்வியா’ என்றே தனிப் பேரினம் கிடைத்தது. மராத்தி கிராமத்துச் சொல் லத்தீனாகிவிட்டது. பின்னர் வந்த ஆய்வாளர்கள் துண்டுகளை மறுபடி ஒன்று சேர்த்துவிட்டார்கள். அக்காவும் தங்கையும் மீண்டும் ஒரே வீட்டுக்கு வந்தார்கள்.

மும்பையில் இந்தச் செடிகளைப் பொறுமையாகக் கவனித்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பாதிரியார் சாந்தபாவ். ஸ்பெயினில் பிறந்து, ஏசு சபைத் துறவியாகி, செயின்ட் சேவியர் கல்லூரியில் கற்பித்தவர். பம்பாய் வட்டாரத்து அக்காந்தேசியே குடும்பம் பற்றி 1951இல் தனி நூலே எழுதினார். 1953இல் கண்டாலா மலைத் தாவரங்கள் பற்றிய நூல். பிறகு இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறைக்கே தலைமை ஏற்றார். அந்தக் கல்லூரியில், சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பிளாட்டர் பாதிரியார் தொடங்கிய உலர்தாவரச் சேகரம் இன்றும் இருக்கிறது. செடியின் ஒரு கிளை, ஒரு காகிதம், பறித்த இடம், பறித்த தேதி. பார்க்க அலுப்பூட்டும் இந்தக் காகிதங்கள் இல்லாவிட்டால் எந்த மலையில் எந்த ஆண்டு எது பூத்தது என்று இன்று வாதாட முடியாது.

ஆண்டுக் கணக்கில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. கார்வி ஏழாண்டுக்கு ஒருமுறை என்று சிலரும் எட்டாண்டு என்று சிலரும் சொல்வார்கள். மும்பை மலைகளில் அது பெருவாரியாகப் பூத்த ஆண்டுகள் 2008, 2016, 2024. ஏழாண்டு வெறும் இலையோடு நின்று, எட்டாவது ஆண்டு பூக்கிறது; எண்ணுகிற விதத்தில்தான் வேறுபாடு. குறிஞ்சிக்கு 1838 முதலே கணக்கு உண்டு. அண்மைக் காலத்தில் 1982, 1994, 2006, 2018. அடுத்தது 2030. இரண்டு வரிசையையும் அருகருகே எழுதிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். கார்வியின் ஆண்டுகள் எல்லாம் நாலால் மீதமின்றி வகுபடும். குறிஞ்சியின் ஆண்டுகளை வகுத்தால் எப்போதும் இரண்டு மீதி நிற்கும். கணக்குப் பிசகாமல் போனால் மும்பைக் கார்வியும் கொடைக்கானல் குறிஞ்சியும் எந்தக் காலத்திலும் ஒரே ஆண்டில் பூக்கப்போவதில்லை. (அங்கொன்றும் இங்கொன்றும் முறை தவறிப் பூக்கும் செடிகள் எல்லா மலையிலும் உண்டு. அவை கணக்கில் சேராது.)

எதற்கு இந்தக் காத்திருப்பு? மூங்கில் பற்றி அமெரிக்க உயிரியலாளர் டேனியல் ஜான்ஸன் 1976இல் தந்த விளக்கம் இங்கும் பொருந்துவதாகக் கருதப்படுகிறது. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக விதைத்தால் பூச்சியும் எலியும் பறவையும் மிச்சம் வைக்காது. பல ஆண்டு பட்டினி போட்டுவிட்டு, ஒரே வீச்சில் மலை முழுவதும் விதையைக் கொட்டினால் தின்கிறவர்கள் வயிறு நிறைந்தபின்னும் விதை மிஞ்சும். விலை பெரியதுதான். பூத்துக் காய்த்ததும் தாய்ச்செடி செத்துப்போகிறது. குறிஞ்சியும் அப்படியே, கார்வியும் அப்படியே. ஆகவே பூத்த ஆண்டில் ஒரு கிளையை ஒடிப்பதும், பூக்காத ஆண்டில் ஒரு கிளையை ஒடிப்பதும் ஒன்றல்ல. முன்னது எட்டாண்டுச் சேமிப்பைப் பறிப்பது.

இப்போது தாராவிக்கு வருவோம். திணைப் பாடம் படித்த ஒருவர் தாராவியில் நின்றுகொண்டு வடக்கே பார்த்தால், ஐந்திணையை விளக்க மும்பையைவிட நல்ல வரைபடம் கிடைக்காது. தாராவியின் ஆதிக்குடிகள் கோலி மீனவர்கள். தாராவி கோலிவாடா இன்றும் அந்தப் பெயருடன் இருக்கிறது. பக்கத்தில் மாஹிம் கழிமுகம், அலையாத்தி மரங்கள். அசல் நெய்தல். அந்தக் கழிமுகத்துக்கு வந்து சேர்வது மித்தி ஆறு. நாற்றத்துக்குப் பேர்போன இந்தச் சாக்கடையை ஆறு என்று சொன்னால் தாராவியில் சிரிப்பார்கள். ஆனால் ஆற்றோடு எதிர்த்திசையில் போய்ப் பார்க்கலாம். பாந்த்ரா-குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள், குர்லாவின் பட்டறைகள், விமான நிலைய ஓடுபாதைக்கு அடியே ஒரு திணறல், அதற்கப்பால் பவாய் ஏரி, விஹார் ஏரி. ஒரு காலத்தில் நெல் விளைந்த சாஷ்டித் தீவின் மருதம் இது. அங்கிருந்து சற்று மேலே ஆரே. 1949இல் நகரத்து மாட்டுக் கொட்டில்களை இடம்பெயர்த்து அமைத்த பால்பண்ணைக் குடியிருப்பு. காடும் மாடும் சேர்ந்த இடத்துக்கு முல்லை என்று பெயரிட அதிக தைரியம் வேண்டாம். அதற்கும் மேலே, விஹார் ஏரிக்குத் தண்ணீர் வடியும் சரிவுகளில், கார்வி. ஏரியின் உபரி நீரில் பிறந்து மாஹிமில் முடியும் மித்தியின் மொத்த நீளம் சுமார் 18 கிலோமீட்டர்.

தாராவித் தமிழர்களில் கணிசமானவர்களின் வேர் திருநெல்வேலிச் சீமையில். தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள், அவர்கள் பின்னால் வந்தவர்கள். பொதிகையில் புறப்பட்டு, வயல்களைக் கடந்து, புன்னைக்காயலில் கடலில் விழும் தாமிரபரணியை அறிந்தவர்களுக்கு இந்த வரைபடம் புதிதல்ல. மலை முதல் கடல் வரை ஒரே ஆறு. அங்கே சுமார் 128 கிலோமீட்டர், இங்கே 18.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மித்தி பெருக்கெடுத்து, வழியிலிருந்த எல்லாவற்றையும் மூழ்கடித்தது. தாராவியும் தப்பவில்லை. மலையில் விழும் மழை தங்களைத் தேடி வரும் என்பதை அன்று அந்தத் தெருக்கள் தெரிந்துகொண்டன. கரையை இறுக்கியதும் சதுப்பைத் தூர்த்ததும் முதல் குற்றவாளிகள், அதில் ஐயமில்லை. ஆனால் சரிவில் மண்ணைப் பிடித்து நிற்பது எது என்று பார்த்தால், மரங்களுக்கு அடியில் நெருக்கியடித்து வேர்விட்ட கார்வியும் அந்தப் பட்டியலில் வரும்.

மலையில் இருப்பவர்களுக்குக் கார்வி அழகுப் பொருளல்ல. பூங்காவிலும் ஆரேயிலும் சிறு பாடாக்களில் வாழும் வார்லிப் பழங்குடியினர் வீட்டுச் சுவரை அதன் கழிகளால் எழுப்புவார்கள். கழிகளை நெருக்கமாக நட்டுக் கட்டி, மேலே மண்ணும் சாணமும் கலந்து மெழுகினால் சுவர். அந்தச் சுவரில் அரிசி மாவால் வரைந்தவைதான் இன்று புடவையிலும் காபிக் கோப்பையிலும் அச்சாகும் வார்லி ஓவியங்கள். இந்தக் கலையைக் காகிதத்துக்கும் துணிக்கும் கொண்டுவந்து உலகுக்குக் காட்டிய ஜிவ்யா சோமா மஷேவுக்கு 2011இல் பத்மஸ்ரீ கிடைத்தது, 2018இல் காலமானார். ஓவியத்துக்கு அருங்காட்சியகத்தில் இடம் கிடைத்துவிட்டது. அடியில் இருந்த கழியின் பெயரைக் கேட்டவர்கள் குறைவு. கார்வி பூக்கும் ஆண்டில் தேனும் பெருகும். கருத்து, கெட்டியான தேன். குறிஞ்சியின் தண்டு கரியது என்றும் அதன் பூவிலிருந்து பெருந்தேன் சேரும் என்றும் கவனித்த சங்கப் புலவர்களுக்கு இந்த மலையைக் காட்டியிருந்தால் இதற்கும் ஒரு பெயர் கிடைத்திருக்கும். 99 பூக்களை ஒரே பாட்டில் அடுக்கிய கபிலருக்கு நூறாவது பூ சுமையாகவா இருந்திருக்கும்?

சிக்கல் இனிமேல்தான். சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 104 சதுர கிலோமீட்டர். ஒன்றேகால் கோடிப் பேர் வாழும் நகரத்தின் நடுவே, சிறுத்தைகள் நடமாடும் காடு. இதைக் காப்பாற்றிய கதையில் மகிழ்ச்சி மட்டும் இல்லை. 1995இல் பம்பாய் சுற்றுச்சூழல் நடவடிக்கைக் குழு தொடுத்த பொதுநல வழக்கில், 1997இல் உயர்நீதிமன்றம் ஆக்கிரமிப்புகளை அகற்ற உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான குடிசைகள் இடிக்கப்பட்டன. ஒரு பகுதியினருக்குச் சாந்திவலியில் மாற்று வீடு கிடைக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. புல்டோசர் என்றால் என்ன என்று தாராவிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. காடு பிழைத்தது உண்மை. அதற்கான விலையை ஏழைகளே கொடுத்தார்கள் என்பதும் உண்மை. வேலிக்கு வெளியே ‘காட்டை நோக்கிய பால்கனி’ என்று விளம்பரம் செய்து எழுந்த அடுக்குமாடிகளுக்கு அந்தச் சிரமம் நேரவில்லை.

2019 அக்டோபரில் ஆரேயில் மெட்ரோ ரயில் பணிமனைக்காக ஒரே இரவில் தொடங்கி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட்டபோது நகரமே எதிர்த்துக் குரல் கொடுத்தது. பூங்காவின் அடியில் தானேயையும் போரிவலியையும் இணைக்கும் இரட்டைச் சுரங்கச் சாலைக்கும், கோரேகாவ்-முலுந்த் இணைப்புச் சாலையின் சுரங்கத்துக்குமான பணிகளுக்கு 2024 ஜூலையில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். சரியாக இரண்டு மாதம் கழித்து அதே மலையில் கார்வி பூத்தது. சுரங்கம் அடியில்தானே போகிறது, மேலே இருப்பதற்கு என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மலையைப் பார்வைக்குரிய மேற்பரப்பாக மட்டும் நினைப்பவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். வெட்டிய மரத்துக்குப் பதில் வேறிடத்தில் மரம் நடுவதாகக் கணக்குக் காட்டலாம். எட்டாண்டுக் கடிகாரம் ஒன்றை வேறு சரிவில் பதியன் போடுவது அத்தனை சுலபமில்லை.

தெற்கேயும் கதை இதேதான். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் குறிஞ்சியின் புல்வெளிகளைத் தின்றது பெரும்பாலும் ஆக்கிரமிப்பாளரின் கோடரியல்ல, அரசின் நாற்றுப்பண்ணை. மரமில்லாத புல்வெளி வீண்நிலம் என்று நினைத்து யூகலிப்டஸும் வாட்டிலும் பைனும் நட்டுத் தள்ளினார்கள். தேயிலை முன்பே பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. கேரளம் 2006இல், பூத்த ஆண்டிலேயே, வட்டவடை, கொட்டக்காம்பூர் பகுதியில் 32 சதுர கிலோமீட்டரைக் குறிஞ்சிமலைச் சரணாலயமாக அறிவித்தது. 2024இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் குறிஞ்சி ‘அழிவாய்ப்புள்ளது’ என்ற நிலையில் இடம்பெற்றது. கொடைக்கானலில் இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி 1936இல் கட்டிய குறிஞ்சி ஆண்டவர் கோயில் கூட்டம் குறையாமல் இருக்கிறது. ஆண்டவர் பத்திரம். பெயர் கொடுத்த பூவின் நிலை வேறு.

இங்கேதான் சரியான பெயர் தேவைப்படுகிறது. போரிவலியில் பூப்பதைக் குறிஞ்சி என்று சொல்லிவிட்டால் குறிஞ்சி ஊரெல்லாம் பூக்கிற பூவாகிவிடும். 1,300 மீட்டருக்கு மேலே அருகிவரும் புல்வெளி யாருக்கும் நினைவுக்கு வராது. கார்விக்கும் நஷ்டம்தான். அதன் நிலம் 468 மீட்டருக்குக் கீழே, ரியல் எஸ்டேட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறது என்பது மறைந்துபோகும். சிலப்பதிகாரம் ஒரு கணக்குச் சொல்கிறது: முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும். ஏப்ரல், மே மாதங்களில் காட்டுத்தீ கருக்கிய சரிவுகளைப் பார்த்தவர்கள் அதைப் பழங்கதை என்று ஒதுக்கமாட்டார்கள்.

போய்வருவது கடினமில்லை. தாராவியின் மேற்குப் பக்கத்தில் மாஹிம் நிலையம். அங்கிருந்து போரிவலிக்கு நேர் ரயில். கிழக்கே இறங்கினால் பூங்கா வாசல் நடக்கும் தூரம். திங்கள்கிழமை விடுமுறை. உள்ளே கான்ஹேரிக் குகைகள் வரை சாலை உண்டு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பௌத்தத் துறவிகள் குடையத் தொடங்கிய அந்தப் பாறையேதான் கார்விக்கும் அடித்தளம். கிழக்குப் பக்கக்காரர்கள் சயானில் ரயிலேறித் தானேயில் இறங்கி யேவூர் போகலாம். கோரேகாவில் காட்டின் விளிம்பில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் கல்வி மையம் இருக்கிறது. செடியைக் காட்டிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் அங்கே கேட்கலாம்.

பூ இருக்கும் ஆண்டில் அடையாளம் காண்பதற்குப் பெரிய திறமை வேண்டாம்; மலையே சொல்லிவிடும். 2024இல் பூத்தவை செத்துவிட்டன. அவற்றின் விதைகள் அடுத்த மழையில் வெடித்துச் சிதறி முளைத்தன. அடுத்த பெரும் பூப்பு 2032இல். 2008 பூப்பின்போது தாராவியில் பிறந்த குழந்தைக்கு அப்போது 24 வயது. அதுவரை மலையில் இருக்கப்போவது இலையும் கழியும் மட்டுமே. மழைக்காலத்தில் போனால் பச்சை; எதிரெதிர் இலைகள், சொரசொரப்பு, பல்வைத்த ஓரம். ஜனவரிக்குப் பிறகு போனால் பழுப்பு நிறக் குச்சிகள். செத்த செடி என்று நினைத்து ஒடிக்கத் தோன்றும். நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தால் போதும், தோலுக்கு அடியில் பச்சை தெரியும்.